கீழ் வீட்டு மனோன்மணி அக்கா சாகாத நாள்

4ந் திகதி, திங்கள்

காலமை தூறல். பேந்து வெயில். பிறசர் 140/90.

ஒவ்வொரு நாளும் பிறசர் எழுதி வைக்கச் சொன்னவர் டொக்டர். பேத்தி அபியின்ர பழைய கொப்பி, பின்பக்கம் வெறுமையாக் கிடந்தது. இலக்கம் மட்டும் எழுத மனம் வரேல்லை. அதால மற்றதுகளும்.

இண்டைக்கு என்ர அறையை உடைக்கத் துவங்கியாச்சு. அறையோட இருக்கிற பாத்ரூம் கசிஞ்சு, தண்ணி கீழ் வீட்டு மனோன்மணி அக்காவின்ர பாத்ரூமுக்குள்ள இறங்குதாம். அவவின்ர வீடு முதலாம் மாடி, எங்கட இரண்டாம் மாடி. வெள்ளவத்தைக் கடல் காத்து கொங்கிறீற்றையே சாப்பிடும் எண்டு மருமகன் சொன்னார். வேலைக்கு வாறவர் சுமித் எண்டு ஒரு மேசன் பாஸ். பாணந்துறையில இருந்து ரெயினில வாறார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

ஹோலுக்கு வந்த சாமான்:
கட்டில், சுவரோட நிமித்தி
தையல் மெசின்
சாமிப்படம் மூண்டு, இவரின்ர (என்ர மனிசன்ர) படம் ஒண்டு
சூட்கேஸ் ரெண்டு
நான்

வசந்தி வேலைக்குப் போகேக்க, "ரெண்டு கிழமைதானே அம்மா, சோபாவில படுங்கோ, முடிஞ்சதும் புது அறை" எண்டாள். என்ர மகள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த அறையில பதினாறு வருசம். அபியை ஆசுப்பத்திரியில இருந்து கொண்டந்து முதன்முதல் கிடத்தினது என்ர கட்டிலிலதான்.

5, செவ்வாய்

வெயில். பிறசர் 145/90. விடியக் காலமை துவங்கி மண்டைக்குள்ள அடிக்கிற மாதிரிச் சத்தம். சம்பலுக்குள்ள சீமெந்துத் தூள். எறிஞ்சுபோட்டு வேற இடிச்சன்.

வசந்தி வங்கியில. மருமகன் ஒபிசில. அபி பள்ளிக்கூடம். வீட்டில நானும் பாசும்.

பத்து மணிக்கு "பாஸ், தே பொனவாத" எண்டு கேட்டனான். தேத்தண்ணி குடிக்கிறீரோ எண்டு. அந்த மனிசன் சுத்தியலைக் கீழ வைச்சிட்டுச் சிரிச்சார். "அம்மாட்ட ஹொந்தட்ட சிங்கள புளுவன்" எண்டார். எனக்கு நல்லாச் சிங்களம் வருமாம்.

வரும்தான். ஆரும் படிப்பிச்சதில்லை. மாக்கெட்டில மீன்காரனோட விலை கதைச்சுக் கதைச்சுப் படிச்சது. வசந்தி கம்பசுக்குப் போனவள், கடைக்காரன் கெதியாக் கதைச்சால் முழுசுவாள். ஆனால் வீட்டுக்கு ஆக்கள் வந்தால், "அம்மா ஐஞ்சாம் வகுப்பு" எண்டு ஒரு சிரிப்போட சொல்லுவாள். அவளின்ர அப்ளிகேசன் எல்லாம் நிரப்ப நான்தான் ஒபிஸ் ஒபிசா அலைஞ்சனான், சிங்களத்தில கேட்டுக் கேட்டு. அதைச் சொல்லமாட்டாள்.

மனோன்மணி அக்காவுக்கு (இனி ம.அக்கா) ஞாயிறு துவக்கம் காய்ச்சல். ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு அவ போன் எடுப்பா, பதினாறு வருசமா. இண்டைக்கு எடுக்கேல்லை. நான் எடுத்தன். அடிச்சு அடிச்சு நிண்டிட்டுது.

புழுங்கல் அரிசி முடியுது. சொல்ல வேணும்.

6, புதன்

மூட்டம். பிறசர் 145/85.

வயர் ஆள் வந்து என்ர அறைச் சுவரில நாலு பிளக்குக்கு இடம் வெட்டினான். ஒரு காத்தாடி, ஒரு போன், எனக்கு ஏன் நாலு எண்டு வசந்தியைக் கேட்டன். "வெட்டேக்கயே வெட்டினால் நல்லம்தானே அம்மா."

அபி பெயின்ட் அட்டை கொண்டந்தாள். நான் இளமஞ்சளைக் காட்டினன். "அதுவும் வடிவாத்தான் இருக்கு அம்மம்மா" எண்டிட்டுப் போனாள். என்ர முகத்தைப் பாக்கேல்லை. சோதனைக் கவலையாக்கும்.

ம.அக்கா இண்டைக்கும் போன் இல்லை. இறங்கிப் பாப்பம் எண்டால் முழங்கால் விடுகுதில்லை. நாளைக்கு.

7, வியாழன். பின்னேரம் மூண்டு மணி

பிறசர் எடுக்கேல்லை. எடுத்தால் மெசின் தாங்காது.

ஒழுங்கா எழுத வேணும். நடந்த மாதிரியே.

பத்து மணிபோல பாஸ் கீழ் வீட்டுக்குப் போனார், கூரையைக் கீழ நிண்டு பாக்க. பத்து நிமிசத்தில திரும்பி வந்தார். முகம் செத்துப்போய். பல்கனியில நிண்டு மருமகனுக்கு போன். நான் குசினி வாசலில நிண்டு கேட்டனான்:

"மஹத்தயா, பல்லெஹாட்ட கிஹில்லா பலுவா. ஒக்கோம மல காலா. இவரய். தென் அயின் கரன்ன ஓன."

பல்லெஹா எண்டால் கீழ் வீடு, அங்க போய்ப் பாத்தாராம். மல எண்டால் சாவு. றோட்டில வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் மீன்காரன் "மல கெதர" எண்டுதான் சொல்லுறவன், செத்த வீடு. இவரய், முடிஞ்சுது. அயின் கரன்ன ஓன, எடுக்க வேணும்.

நாலு நாளாக் காய்ச்சல். ரெண்டு நாளா போன் இல்லை. இதுக்கு மேல ஆர் என்ன சொல்ல வேணும்.

எண்டாலும் சாவோ எண்டு கேட்டனான். "பாஸ், மலத?"

"ஒவ் அம்மே" எண்டார், ஓம் எண்டு தலையை ஆட்டிக்கொண்டு. "ஒக்கோம."

ஒக்கோம எண்டால் எல்லாம். ம.அக்காவோட அவவைப் பாக்கிற பிள்ளை சுமனாவும் போயிட்டாளோ எண்டு பயந்துபோனன். எப்ப எண்டு கேட்டன். "அவுருது கானக்" எண்டார். வருசக் கணக்காம். அக்காவின்ர வருத்தத்தைச் சொல்லுறார் எண்டு நினைச்சன்.

நான் செய்தது:
அடுப்பில பருப்பு, நிப்பாட்டினன்.
ரேடியோ, நிப்பாட்டினன்.
சாமி விளக்கு, நூத்தன்.
சூட்கேசின்ர அடியில இருந்து வெள்ளைச் சீலை எடுத்துக் கட்டினன்.
நிலத்து மாடியில ரியூசன் வைக்கிற நேசன் மாஸ்டருக்கு போன். "மாஸ்டர், வகுப்பை விடுங்கோ, மேல செத்த வீடு." பிள்ளையள் எல்லாம் ஓடிற சத்தம் எனக்கு மேல கேட்டது. துக்கமா ஓடின மாதிரித் தெரியேல்லை.
லண்டனுக்கு, மகன் குமரனுக்கு.

ஏன் குமரனுக்கு எண்டால், ம.அக்காவின்ர மகனும் லண்டனில. நேர சொல்ல எனக்கு வாய் வரேல்லை, குமரன் சொல்லட்டும் எண்டு. அங்க விடியேல்லை. நித்திரைக் குரலில எடுத்தான்.

"தம்பி, கீழ் வீட்டு மனோன்மணி அக்கா போயிட்டா."

"ஐயோ." பேந்து கேட்டான், "அப்ப நீங்கள் இனி ஆரோட போய் இருக்கிறது அம்மா?"

"எங்க போய்?"

அவன் இருமினான்.

"குமரன், நான் எங்க போறன்?"

"ஒண்டுமில்லை அம்மா. நித்திரைத் தூக்கத்தில. லைனும் சரியில்லை."

லைன் வடிவா இருந்தது. அவன் மிண்டி விழுங்கினதும் கேட்டது.

கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினன். அழுதுகொண்டுதான். எதுக்கு அழுதன் எண்டு இப்ப கேட்டால் சொல்லத் தெரியாது.

கதவு திறந்து கிடந்தது. ம.அக்கா கதிரையில இருந்து பிளேன்ரீக்குள்ள பிஸ்கட் தோய்ச்சுக்கொண்டு, காதில போன். என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"வாரும் பரமேசு. ஆர் செத்தது? என்ர மோன் லண்டனில இருந்து எடுத்து, நான் 'ஹலோ' எண்டதும் குழறுறான்."

நான் நிலத்தில இருந்திட்டன்.

உடைக்கிற சத்தத்தில தலை இடிச்சதெண்டு போன் சத்தத்தைக் குறைச்சு வைச்சவவாம், மோன் எடுத்ததைச் சுமனாதான் கண்டு குடுத்தாளாம். காய்ச்சல் செவ்வாயே விட்டுட்டுதாம். அதுக்குள்ள நேசன் மாஸ்டர் வேட்டியோட வந்திட்டார், கையில மரண அறிவித்தல், நல்ல வகுப்பு எழுத்து, ஒரு பிரதி வாசலில ஒட்டியும் போட்டார். அக்கா கண்ணாடியைப் போட்டு அதை முழுக்க வாசிச்சா.

"எண்பத்தாறு எண்டு போட்டிருக்கிறீர் மாஸ்டர். எனக்கு எண்பத்திநாலு."

"மன்னிக்க வேணும் அக்கா, திருத்துறன்" எண்டு அந்த மனிசன் பேனையை எடுத்தார்.

எல்லாரும் சிரிச்சம். நானும்தான். அதுக்குப் பிறகு அக்கா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "உமக்குக் கட்டிலும் போட்டு வைச்சிட்டு, உம்மைக் காணாமல் போவனோ நான்?" எண்டா. சுமனா பக்கத்து அறைக் கதவைத் திறந்து காட்டினாள்.

ஒற்றைக் கட்டில். புது விரிப்பு. தலகணியில நான் தைச்ச உறை. நீலப் பூப்போட்டது. வசந்தியின்ர அலுமாரியில இருந்தது.

"நல்ல கட்டில் அக்கா" எண்டு சொல்லிப்போட்டு ஏறி வந்தன்.

வசந்தி வர இன்னும் ரெண்டு மணித்தியாலம். வெள்ளைச் சீலை மாத்தேல்லை. மாத்த அவசரமும் இல்லை.

8, வெள்ளி

பிறசர் 170/100. குளிசை ஒண்டு கூடப் போட்டன்.

நேற்று வசந்தி படியிலயே சிரிச்சுக்கொண்டுதான் வந்தவள். நேசன் மாஸ்டர் வாசலில வைச்சுச் சொல்லிப்போட்டார். மருமகன் வந்து விளக்கம் குடுத்தார்: மல எண்டால் சாவு மட்டுமில்லையாம், இரும்பில பிடிக்கிற கறளும் மலதானாம். மல காலா எண்டால் கறள் சாப்பிட்டிட்டுதாம். கீழ தளத்துக் கம்பி எல்லாம் கறள், அதுகளை எடுக்க வேணும். பாஸ் சொன்னது அவ்வளவுதான்.

"மாமி, கம்பிக்கு வெள்ளைச் சீலை கட்டின முதல் ஆள் நீங்கள்தான்."

அபிக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கல்.

அவை சிரிச்சு முடியுமட்டும் இருந்தனான். பிறகு கேட்டன், கீழ எனக்கு ஏன் கட்டில் எண்டு.

வசந்தி முந்தானையால முகத்தைத் துடைச்சாள். "இப்ப சொல்ல நினைக்கேல்லை அம்மா. வேலை முடியட்டும் எண்டு. அபிக்கு ஏ.எல். சோதனை வருது, தனிய இருந்து படிக்க இடமில்லை. மனோன்மணி அன்ரியும் தனிய. உங்களுக்கும் முழங்கால், ஒரு மாடி குறையும்."

"ஒரு மாடிக்கு ஒரு வீடு மாறுறதோ? முழங்கால் என்ர. கதைச்சது நீங்கள்."

மருமகன்: "மாமி, சாப்பாடு எல்லாம் இஞ்சைதான். படுக்க மட்டும்தான் கீழ."

"கேற்றில நிக்கிற வோச்சருக்கும் அப்பிடித்தான் தம்பி."

நல்ல இடத்தில நிண்டுது கதை. அப்ப குசினிக்குள்ள இருந்து அபி மெல்ல "ஒக்கோம மல" எண்டாள். அவ்வளவுதான். எல்லாருக்கும் திரும்பச் சிரிப்பு. வசந்தி என்ர தோளில சாஞ்சு சிரிக்கிறாள். என்ர கேள்வி அந்தச் சிரிப்புக்குள்ள போயிட்டுது. இனி நான் அதை எப்ப எடுத்தாலும் கறள் கதைதான் முன்னுக்கு வரும்.

இண்டைக்குக் கோயிலில ரெண்டு பேர் கேட்டவை, "என்ன மாமி, செத்தவ சுகமோ?" எண்டு. சிரிச்சனான். வேற என்ன செய்யிறது.

முதலே தெரிஞ்ச ஆக்கள்:
வசந்தி
மருமகன்
குமரன் (தைப்பொங்கலுக்கே தெரியுமாம்)
குமரன்ர பெஞ்சாதி
ம.அக்கா
சுமனா
அபி

அபியைக் கடைசியில எழுதினன். முதலில எழுதக் கை போகேல்லை. நாலு பிளக்கும் அவளின்ர கொம்பியூட்டருக்கு. மஞ்சள் அட்டையைக் காட்ட விட்டிட்டு நிண்டாளே.

தெரியாத ஆக்கள்: நான், பாஸ்.

கேட்டிருந்தால் குடுத்திருப்பன். பிள்ளை படிக்க எண்டால் அறை என்ன, நான் ஹோலில பாய் போட்டுப் படுத்திருப்பன். ஒரு சொல், "அம்மா, தாறீங்களோ" எண்டு. அதைக் கேக்கிற அளவுக்கும் நான் ஒரு ஆளாத் தெரியேல்லை.

தேங்காய் ரெண்டு வாங்க வேணும்.

9, சனி

மழை. பிறசர் 150/90.

பதினொரு மணிக்கு மணி அடிச்சுது. திறந்தால் ம.அக்கா. சுமனாவைப் பிடிச்சுக்கொண்டு, இளைச்சு இளைச்சு. ரெண்டு வருசமாப் படி ஏறாத மனிசி. நல்ல காலம், மற்றவை ஒருத்தரும் வீட்டில இல்லை.

தண்ணி குடுத்தன். மூச்சு வந்த பிறகு சொன்னா, "பரமேசு, என்னோட கோவமோ? ரெண்டு நாளா நான் அடிக்க நீர் போன் எடுக்கேல்லை."

"நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா."

"என்னத்தைச் சொல்லுறது? நீர்தான் கேட்டனீர் எண்டு வசந்தி சொன்னவள். 'அம்மாவுக்கு உங்களோட இருக்க ஆசை அன்ரி, ஆனால் கேக்க வெக்கம், நீங்களும் கேக்கக்கூடாது, தானா வருவா' எண்டு. நான் சந்தோசத்தில புது விரிப்பு வாங்கினன்."

"நான் கேக்கேல்லை."

அக்கா கப்பைக் கீழ வைச்சா. அந்த முகத்தைப் பாக்க எனக்கு என்ர வலி மறந்துபோச்சு. என்னை மட்டும் ஏமாத்தேல்லை. ஆசை காட்டி அவவையும்.

"அப்ப எனக்கும் வேண்டாம்" எண்டா. "அனுப்பிவைக்கிற ஆள் எனக்கு வேண்டாம், நான் என்ன சாமான் போடுற கிட்டங்கியோ. வாற ஆள் எண்டால் எப்பவும் வரலாம்."

"சரி அக்கா."

"என்ர மோன் வியாழன் துவக்கம் ஒவ்வொரு நாளும் எடுக்கிறான், தெரியுமோ? முந்தி மாசத்துக்கு ஒருக்கா. இடைக்கிடை ஒருக்காச் செத்தால் நல்லம்போல கிடக்கு."

ரெண்டு பேரும் சிரிச்சம். இந்தச் சிரிப்பு வேற. இறங்க அவவுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. நான் மேல நிண்டு கதவு சாத்திற சத்தம் கேக்குமட்டும் பாத்தன்.

வசந்தியிட்ட இதைக் கேக்கேல்லை. கேட்டால் அழுவாள். அவள் அழுதால் நான் சரி எண்டு சொல்லிப்போடுவன். என்னை எனக்குத் தெரியும்.

10, ஞாயிறு

எல்லாரும் வீட்டில. கோழிக்கறி. உப்புக் கூட. பிறசர் 150/90.

12, செவ்வாய்

வெயில். பிறசர் பாக்க மறந்துபோனன்.

பாசுக்கு இண்டைக்குக் கடைசி நாள். புதுக் கம்பி, புதுத் தளம், பாத்ரூமுக்கு வெள்ளை மாபிள். சுவர் ஊதா. நான் ஒண்டும் சொல்லேல்லை. பெயின்ட் அடிக்கிறவர் நேற்றே முடிச்சிட்டார், நல்லாக் காஞ்சு கிடக்கு.

பாசுக்கு அந்தக் கதை இண்டைக்குத்தான் தெரியும். மருமகன் காலமை சொல்லிச் சிரிச்சவர். பாஸ் சிரிக்கேல்லை. தேத்தண்ணி குடுக்கேக்க என்னிட்ட, "வெரதி நே அம்மே. தெகம மல" எண்டார். பிழை இல்லை அம்மா, ரெண்டும் மலதான். இந்த வீட்டில என்னைப் பிழை இல்லை எண்டு சொன்ன முதல் ஆள்.

பதினொரு மணிக்கு ஆயுதம் எல்லாம் கழுவி அடுக்கிப்போட்டு, "அம்மகே காமரே ஹரி" எண்டார். அம்மாவின்ர அறை சரியாம். துவங்கின நாள் தொட்டு அவர் அப்பிடித்தான் சொல்லுறவர், அம்மகே காமரே. நான் திருத்தேல்லை.

கட்டிலைக் காட்டி, உள்ள வைக்க வேணும் எண்டு சிங்களத்தில சொன்னன். பிழையில்லாமல் சொன்னன். அந்த மனிசன் தனிய இழுத்துக்கொண்டு போய் யன்னல் பக்கம் போட்டார். தையல் மெசின். சூட்கேஸ். சாமிப்படத்துக்கும் இவரின்ர படத்துக்கும் ஆணி அடிச்சுத் தந்தார், புதுச் சுவரில, ஊதாவுக்கு மேல.

மீன் பொரிச்சுச் சோறு குடுத்து அனுப்பினன். ரெண்டு தரம் கும்பிட்டிட்டுப் போனார்.

வசந்தி ஐஞ்சரைக்கு வந்தவள். ஹோல் வெறுமையா இருந்ததைப் பாத்தாள். அறை வாசலில வந்து நிண்டாள். நான் கட்டிலில இருந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தன்.

"அம்மா."

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லாமல் செய்து போட்டீங்களே."

"ஓம்" எண்டன்.

கைப்பையையும் கழட்டாமல் குசினிக்குப் போனாள். தேங்காய் துருவுற சத்தம் கேட்டது. தேங்காய்க்கு அவ்வளவு கோவம் தேவையில்லை.

13, புதன். பின்னேரம்

பெருமழை. கடல் தெரியேல்லை. பிறசர் 140/85.

அறை வாசம் வேறயாக் கிடக்கு. பெயின்ட், சீமெந்து. கதவுக்குப் புதுப் பூட்டு, உள்ளால பூட்டலாம். முந்தி அது இல்லை. அபிக்கெண்டு போட்டது. பூட்டிப் பாத்தன்.

சந்தோசமா எண்டால், இல்லை. எடுத்துப்போட்டன், அவ்வளவுதான். பதினாறு வருசம் என்ர எண்டு இருந்த அறை. இப்ப ஆரோ ஒரு ஆளின்ர அறையில கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி.

மத்தியானம் கடையில இருந்து அபியின்ர புது மேசை வந்தது. ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து, எங்க வைக்கிறது எண்டு கேட்டினம். ஹோலில வைக்கச் சொன்னன். போன கிழமை என்ர கட்டில் நிண்ட இடத்தில இப்ப அது நிக்குது.

அபி பள்ளிக்கூடத்தால வந்தவள். சப்பாத்து கழட்டின சத்தம். மேசையைச் சுத்தி நடந்த சத்தம். கதிரை இழுத்தாள். இருந்தாள். எழும்பினாள். கீழ் வீட்டில ம.அக்கா மகனோட கதைக்கிறது யன்னலால கேக்குது, லண்டனுக்குக் கேக்கவேணும் எண்டு சத்தமா.

கதவில தட்டுறாள். இந்த வீட்டில என்ர கதவில ஒருத்தரும் தட்டினதில்லை, நேர வாறதுதான்.

"அம்மம்மா."

நான் எழுதிக்கொண்டே இருக்கிறன்.

"அம்மம்மா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ?"

கேக்கிறாள். இவ்வளவு நாளைக்குப் பிறகு, கதவுக்கு வெளியில நிண்டு. குரல் அழுற மாதிரிக் கிடக்கு. திறக்கத்தான் வேணும். இதை எழுதி முடிச்சிட்டுத் திறப்பன்.

கொஞ்சம் நிக்கட்டும்.